தீட்டுப் படாத தேதி

திருமலைச்சாமிக்குப் பஞ்சாங்கம் பார்க்காமல் தும்மல்கூட வராது என்று மன்னவனூரில் கேலி பேசுவார்கள். அவர் காதிலும் அது விழும். கோபித்துக்கொள்ள மாட்டார். கரிநாளில் விதை ஊன்றியவன் தோட்டத்தையும் என் தோட்டத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வந்து பேசு என்பார். ஊர்க்காரர்களுக்கும் கேலியெல்லாம் வாயோடு சரி. பெண் பார்க்கக் கிளம்பும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போன வீடு அங்கே கிடையாது.

வீட்டின் முன்பக்கம்தான் பூண்டு மண்டி. சுற்றுவட்டாரத்து மலைப்பூண்டெல்லாம் அங்கே எடை போட்டு, மூட்டை கட்டி, வடுகபட்டிச் சந்தைக்கு லாரி ஏறும். பில் போட ஒரு கம்ப்யூட்டர் உண்டு. மகன் வேல்ராஜ் வாங்கி வைத்தது. அப்பாவுக்கு அதைத் தட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, போன ஆடியில் அவன் கப்பல் வேலைக்குக் கிளம்பிவிட்டான். அங்கேதான் இருவருக்கும் முட்டிக்கொண்டது.

"இம்புட்டு மண்ணு கெடக்கு, இதை விட்டுட்டு எவனாச்சும் தண்ணிக்குள்ள போயிப் பொழைப்பானா? போறதுன்னா போ. எங்கிட்டப் பேசாத" என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். மகனும் அவர் மகன்தானே, பேசவில்லை. அவன் போன் வந்தால் அன்னக்கொடி பேசுவாள், மருமகள் ரோகிணி பேசுவாள். இவர் அந்த நேரம் பார்த்து, ஏற்கனவே உதறி வைத்த சாக்கையே மறுபடியும் உதறிக்கொண்டிருப்பார்.

கொஞ்ச நாளாக அந்தப் போனும் இல்லை. கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. புயலில் ஏதோ ஆண்டெனா முறிந்துவிட்டதாம். கேப்டன் அறைக் கம்ப்யூட்டரில் மட்டும் மெயில் போகும், வரும். ஒரு ஆளுக்கு ஒரே ஒரு வீட்டு விலாசத்தோடுதான் அனுமதி. வேல்ராஜ் மண்டியின் விலாசத்தைக் கொடுத்திருந்தான். மண்டிக் கம்ப்யூட்டரின் மெயில் புரோகிராமில் பாஸ்வேர்டைப் போட்டு வைத்ததும் அவன்தான். அது என்னவென்று வேறு யாருக்கும் தெரியாது. அதனால் ரோகிணியின் போனில் அதைத் திறக்க வழியில்லை.

இந்தச் சமயத்தில்தான் மாசி மாதத்து ஒரு புதன்கிழமை, கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் ரோகிணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவளுக்குத் தாய் இல்லாததால் தலைப்பிரசவத்தையும் மாமியார்தான் பார்த்தாள். தாயும் பிள்ளையும் சுகம். வீட்டுக்குப் பதினாறு நாள் தீட்டு. விளக்கேற்றக் கூடாது, சாமி பேரெடுக்கக் கூடாது. பிள்ளை பெற்றவள் உள்ளறையை விட்டு மண்டிப் பக்கம் வரக் கூடாது.

தீட்டெல்லாம் சரிதான். ஆனால் அதே வாரம் சீசனின் முதல் பூண்டு வந்து இறங்கிவிட்டது. அந்த மண்டியில் ஒவ்வொரு சீசனிலும் முதல் பில் பழனியாண்டவர் பேருக்குத்தான் விழும். அதற்குப் பிறகுதான் மனிதர் பேர். தீட்டு வீட்டில் ஆண்டவர் பேரை எப்படி அடிப்பது? பூண்டு பதினாறு நாள் காத்திருக்குமா? வியாழக்கிழமை காலையில் திருமலைச்சாமி வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். கம்ப்யூட்டரின் தேதியை, பிள்ளை பிறப்பதற்கு முந்தின நாளான செவ்வாய்க்கிழமைக்குத் திருப்பி வைத்தார். வீட்டுக்குத்தானே தீட்டு, மிஷினுக்கு ஏது? பில்லும் தீட்டுப் படாத தேதியில் அச்சடித்து வந்தது.

இந்த வித்தை அவருக்குப் புதிதல்ல. கரிநாளில் லாரி வந்தால் ஒரு நாள் முன்னே பின்னே தள்ளிப் பில் போடுவது வழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை ஒரு நாளோடு நிற்கவில்லை. மிஷினின் நாள் தானாக நகர்ந்து புதன்கிழமைக்குள் போய்விட்டால் அதற்கும் தீட்டு ஒட்டிக்கொள்ளுமே! ஆகவே தினமும் விடிந்ததும் முதல் சோலியாக அதைப் பிடித்து மறுபடி செவ்வாய்க்கிழமைக்குள் தள்ளினார். வெளியே நாள் ஓடியது. மண்டிக்குள் மட்டும் ஒரே செவ்வாய்க்கிழமை திரும்பத் திரும்ப விடிந்துகொண்டிருந்தது.

அந்த முதல் வியாழக்கிழமையே மகனுக்கு மெயிலும் தட்டிவிட்டார். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தார். 'பெண் பிள்ளை. இருவரும் நலம்.' தன் பேரைப் போடவில்லை. வீம்பு. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் இங்கிலீஷில் ஏதோ ஒரு பெட்டி வந்தது. அதன் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினார், போய்விட்டது. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

பதில் வரவில்லை.

"மெயில் வந்துச்சா மாமா?" என்று உள்ளறையிலிருந்து ரோகிணி தினமும் கேட்பாள். "இன்னும் வரலைம்மா" என்பார். முதலில் சாதாரணமாகத்தான் சொன்னார். நாள் ஆக ஆக அந்த இரண்டு சொல்லை உள்ளறைப் பக்கம் திரும்பாமலே சொன்னார். ரோகிணி கப்பல் கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். கப்பல் நன்றாக ஓடுகிறது, சொந்த விஷயமெல்லாம் மெயிலில்தான் என்று சொல்லிவிட்டார்கள். கப்பல் ஓடுகிறது சரி, அதற்குள் இருக்கிறவன்? பிள்ளை பிறந்திருக்கிறது என்று தெரிந்தும் ஒரு வார்த்தை எழுதாதவனா வேல்ராஜ்? ரோகிணிக்குச் சோறு இறங்கவில்லை. அன்னக்கொடி பூண்டுக் குழம்பும் கருவாடும் ஆக்கிப் போட்டும் தட்டு அப்படியே திரும்பியது. திருமலைச்சாமிக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் வந்தது. வீடு கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அன்றைக்கே பேர் வைக்கிற வைபவமும். உச்சிக்கு முன்னால் நல்ல நேரம் முடிகிறது. மகள் முருகேஸ்வரி பூம்பாறையிலிருந்து வெள்ளனே பஸ் ஏறி வந்துவிட்டாள். பிள்ளையின் காதில் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டியவள் அத்தைக்காரிதானே. ஆனால் அது என்ன பேர் என்று முடிவு செய்ய வேண்டியவன் தகப்பன் என்பதுதான் புருஷன் பெண்டாட்டி இருவருக்குள் பேச்சு. என்ன பேர் என்று அவன் கிளம்பும்போது சொல்லவில்லை. பிறக்கட்டும், முகம் தெரியட்டும், எழுதுகிறேன் என்றிருந்தான்.

ரோகிணி தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு நேரே மண்டிக்கு வந்தாள். கல்யாணத்துக்கு முன் கொடைக்கானலில் ஒரு ஓட்டல் ரிசப்ஷனில் மெயில் மெயிலாகப் பார்த்துப் பழகிய கை அது. மெயில் புரோகிராமைத் திறந்து ஒரு தட்டுத் தட்டினாள். அதே இங்கிலீஷ் பெட்டி வந்தது.

"மாமா, இது எத்தனை நாளா வருது?"

"அதா? அது நெதம் வரும்மா. வெளம்பரம். பெருக்கல் குறியை அழுத்துனா ஓடிப்போயிரும்."

ரோகிணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பார்வையே போதுமானதாக இருந்தது.

"விளம்பரம் இல்ல மாமா. செக்யூர் கனெக்‌ஷன் கெடைக்கலைன்னு சொல்லுது. மெயில் எல்லாம் அந்தப் பக்கம் இருக்கு. நம்ம மிஷின் போயி எடுக்க மாட்டேங்குது."

திருமலைச்சாமிக்கு இப்போதுதான் உறைத்தது. அப்படியானால் மகன் எழுதியிருக்கலாம். இத்தனை நாளும் அதைத் தன் விரலாலேயே விரட்டியிருக்கிறார்.

ரோகிணி கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் குழந்தைவேலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவன் சொன்னபடி மோடத்தை அணைத்துப் போட்டாள். ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தாள். செட்டிங்கில் நம்பர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பெட்டி மட்டும் போவேனா என்றது. உள்ளே அன்னக்கொடி, "ஏங்க, நேரம் ஆகுதுங்க, வெரசா முடிங்க" என்று இரண்டு தடவை குரல் கொடுத்துவிட்டாள்.

"சிஸ்டர், ஒண்ணு பண்ணுங்க" என்றான் குழந்தைவேல். "அதுல கீழ எக்செப்ஷன்னு ஒரு பட்டன் இருக்கும். பரவாயில்ல, நம்புறேன்னு குடுத்திருங்க. உள்ள போயிரும்."

ரோகிணியின் விரல் மவுஸின் மேல் நின்றது. அழுத்தவில்லை.

"ஏம்மா, அமுக்கேன்" என்றார் திருமலைச்சாமி.

"அவுக போகும்போது சொல்லிட்டுப் போனாக மாமா. எந்த அவசரத்துலயும் இந்தப் பட்டனை மட்டும் தொடாதன்னு."

"அப்படி என்ன அதுல?"

அவள் சொன்னாள். நம் மிஷின் அந்தப் பக்கத்து மிஷினோடு பேசுவதற்கு முன்னால், நீ யார், உனக்கு யார் சாட்சி என்று கேட்கும். அது ஒரு சான்றிதழை நீட்டும். அந்தச் சான்றிதழுக்கு வேறொருவர் சாட்சி. அவருக்கு, அவருக்கும் மேலே இன்னொருவர் சாட்சி. கடைசியில் எல்லாரும் நம்புகிற ஒருவர் வரை போய்ப் பார்த்து, எல்லாம் சரி என்றால்தான் இரண்டும் பூட்டுப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பிக்கும். பிறகு நடுவில் எவன் காது வைத்தாலும் ஒரு எழுத்துப் புரியாது. பட்டனை அழுத்தினால் சாட்சியே வேண்டாம் என்று சொன்னது போல. அந்தப் பக்கம் வேஷம் போட்டுக்கொண்டு எவன் இருந்தாலும் கதவு திறந்துவிடும்.

திருமலைச்சாமி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பெண் எடுக்கிற வீட்டில்கூட இத்தனை பேரை விசாரிப்பதில்லை. தினமும் தாம் பெருக்கல் குறியால் விரட்டிய அந்தச் சின்னப் பெட்டிக்குள் இவ்வளவு பெரிய நியாயம் நடந்துகொண்டிருந்ததா? முன்பின் பார்த்திராத இரண்டு மிஷின்கள், நடுவில் மலையும் கடலும், அவற்றுக்குள் இப்படி ஒரு ஒழுங்கு. அவருக்கு உடம்பு ஒரு தரம் சிலிர்த்துக்கொண்டது.

"அப்ப அமுக்காத தாயி" என்றார். "சாட்சி இல்லாதவன் கையில எம் மவன் பேச்சை வாங்க வேணாம். அது என்ன குத்தம் சொல்லுதுன்னு அதையே கேளு."

ரோகிணி போனை வைத்துவிட்டு, சான்றிதழைக் காட்டு என்ற இடத்தைத் தட்டினாள். நீளமாக ஒரு பக்கம் விரிந்தது. விரலை வைத்து வாசித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"மாமா, போன வாரத்துக்கு முந்தின வாரம், வியாழக்கிழமைல இருந்துதான் இது செல்லும்னு போட்டிருக்கு. மெயில் கம்பெனிக்காரக புதுசா வாங்கியிருக்காக. பாப்பா பொறந்ததுக்கு மறுநாளு."

"சரி, அதுதான் என்னைக்கோ போச்சே."

"போச்சு. ஆனா இன்னும் அந்த நாளே வரலைன்னு சொல்லுதே இது." அவள் கண் மெல்ல நகர்ந்து திரையின் மூலைக்குப் போனது. அங்கே தேதியைப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள். "மாமா... இதுல ஏன் செவ்வாய்க்கிழமையா இருக்கு?"

திருமலைச்சாமிக்கு வியர்த்துவிட்டது. மன்னவனூரில், மாசி மாதக் குளிரில், வியர்த்துவிட்டது.

மறைத்து என்ன செய்ய? முதல் பில், ஆண்டவர் பேர், தீட்டு, தினம் விடிந்ததும் தேதியைத் தள்ளியது என்று எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்தார். முருகேஸ்வரி வாசலில் நின்று கேட்டுவிட்டு, "நல்லா செஞ்சீக போங்க!" என்றாள். ரோகிணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இந்த மிஷினுக்கு இன்னும் பாப்பாவே பொறக்கலை மாமா" என்றாள்.

அந்தச் சொல் அவரை உலுக்கிவிட்டது. ஊரை ஏமாற்றலாம், வியாபாரியை ஏமாற்றலாம், சாமியைக்கூட ஒரு கண்ணைச் சிமிட்டிச் சமாளித்துவிடலாம் என்று இருந்தவர் அவர். உலகத்தில் உள்ள மிஷின்கள் எல்லாம் இன்றைக்கு என்ன நாள் என்பதில் ஒரே வாக்காக நிற்க, தாம் ஒருவர் மட்டும் ஒரு செவ்வாய்க்கிழமைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். வெளியே நின்று மகன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறான். எத்தனை பெரிய உலகம், எத்தனை சின்ன மண்டி என்று தோன்றியது. வெட்கமும் பிரமிப்பும் சேர்ந்தே வந்தன.

"மாத்து தாயி. மொதல்ல அதை மாத்து."

நேரத்தைத் தானாக எடுத்துக்கொள் என்ற இடத்தில் ஒரு தட்டுத்தான். மூலையில் இருந்த செவ்வாய்க்கிழமை மறைந்து இன்றைய வியாழக்கிழமை வந்து நின்றது. ரோகிணி மெயிலைத் தட்டினாள். பெட்டி வரவில்லை. ஒரு கணம் ஒன்றுமே வரவில்லை. பிறகு ஒன்று விழுந்தது. அடுத்து ஒன்று. பிறகு மளமளவென்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தன. எல்லாம் வேல்ராஜ். நாள் தவறாமல் எழுதியிருந்தான்.

ரோகிணி உரக்க வாசித்தாள். 'பிறந்துருச்சா? ஒரு வார்த்தை எழுது.' அடுத்தது, 'கேப்டன் ரூம் வாசல்லயே நிக்கிறேன். என்னைப் பாத்தாலே ஒண்ணும் வரலைன்னு கையை விரிக்கிறாரு.' பிறகு, 'ரோகிணி, நீ நல்லா இருக்கியா? அதை மட்டும் சொல்லு.' இன்னொன்று, 'எங்க பாத்தாலும் தண்ணிதான். நம்ம தோட்டத்து மண்ணை ஒரு பிடி எடுத்துட்டு வந்திருக்கலாம்.' கடைசியாக நேற்றைக்கு எழுதியது. அதை அவள் மெதுவாக வாசித்தாள். 'எல்லாரும் எதையோ மறைக்கிறீங்க. அப்பாவை எழுதச் சொல்லு. கோவமா இருந்தாலும் அவரு பொய் சொல்ல மாட்டாரு.'

அன்னக்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திருமலைச்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொய் சொல்ல மாட்டாராம். தேதியையே பொய்யாக்கி வைத்திருந்த ஆளை நம்பி அங்கே ஒருவன் கடலில் நிற்கிறான்.

"மாமா, இங்க பாருங்க" என்றாள் ரோகிணி. அவர் அடித்த மெயில் இத்தனை நாளும் போகாமல் உள்ளேயே கிடந்தது. இப்போது அவர் கண் முன்னாலேயே புறப்பட்டுப் போனது. கூடவே அவளும் அவசரமாக ஒன்று எழுதினாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, குழந்தையின் படத்தைச் சேர்த்து, உச்சிக்குள் பேர் வேண்டும் என்று எழுதி அனுப்பினாள்.

"இது இப்ப எந்த வழியாப் போகும்?" என்று கேட்டார்.

"கேபிள்ல மலையிறங்கி வத்தலக்குண்டு தாண்டிப் போகும் மாமா. அங்கிட்டுக் கடலுக்கு அடியில. அப்புறம் வானத்துக்கு ஏறி, சாட்டிலைட்டுல இருந்து கப்பலுக்கு."

அவர் வெளியே போய் வானத்தை அண்ணாந்து பார்த்தார். பனி விலகிப் பளிச்சென்று நீலமாக இருந்தது. தினமும் பார்க்கிற வானம்தான். நல்ல நேரம் கெட்ட நேரம் எல்லாம் அங்கிருந்துதான் இறங்குகிறது என்று இத்தனை வருஷம் நம்பி வந்தவர், தாம் ஒற்றை விரலால் அடித்த இரண்டு வரி அதன் வழியே ஏறிப் போவதை நினைத்து, அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

பேர் வைக்கிற நேரம் நெருங்கிக்கொண்டே வந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டிப் புதுச்சட்டை போட்டு முருகேஸ்வரி மடியில் வைத்திருந்தாள். கேப்டன் எப்போது மெயிலை இறக்குவாரோ. "வேற ஏதாச்சும் ஒரு பேரு வைப்போமா?" என்று அன்னக்கொடி தயங்கித் தயங்கிக் கேட்டாள். நேரம் தவறினால் உலகம் அழிந்துவிடும் என்கிற மனிதர், "நேரம் போனாப் போகட்டும். அவன் சொல்லட்டும்" என்றார். முருகேஸ்வரி தன் காதையே நம்பாமல் அவரைப் பார்த்தாள்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. எழுத்து இல்லை. ஒரு சின்ன ஒலிப்பதிவு மட்டும் இருந்தது. ரோகிணி ஸ்பீக்கரை இழுத்து மேசை விளிம்பில் வைத்தாள். முருகேஸ்வரி பிள்ளையின் காதை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

முதலில் இரைச்சல். என்ஜினா, காற்றா, அலையா, தெரியவில்லை. உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கிற கடல், பூண்டு வாசம் அடிக்கிற அந்த மண்டிக்குள் வந்து இரைந்தது. அதற்குள்ளிருந்து வேல்ராஜ் சொன்னான்.

"தரணி. தரணி. தரணி."

நடுவில் எத்தனை ஆயிரம் மைல் தண்ணீரோ, தகப்பன் தன் பிள்ளையின் காதில் தானே பேர் சொல்லிவிட்டான். நிலத்தின் பேர். பிள்ளை கண்ணைத் திறந்து ஸ்பீக்கர் பக்கம் தலையைத் திருப்பியது. பதிவு முடிந்துவிட்டது என்று ரோகிணி கையை நீட்டினாள். முடியவில்லை. இரைச்சலுக்கு நடுவே அவன் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"அப்பா... இருக்கீங்களா?"

திருமலைச்சாமி இரண்டு எட்டு எடுத்து வைத்து ஸ்பீக்கருக்கு முன்னால் குனிந்தார்.

"இருக்கேன்யா. இங்கனதான் இருக்கேன். சொல்லுய்யா."

பதிவு அதோடு நின்றுவிட்டது. அவர் குனிந்தபடியே காத்திருந்தார். அது பதில் பேசாது, போன் மாதிரி இல்லை என்று அவருக்குச் சொல்ல அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. ரோகிணி தன் போனை எடுத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தி அவர் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"மறுபடியும் சொல்லுங்க மாமா," என்றாள். "அவுகளுக்குக் கேக்கும்."